காட்டுக்காரிக்குக் கால் போட்ட கதை

“…கால் வந்துருச்சு, சரி. முடிக்கும் முடிச்சு போட்டாச்சு, அதுவும் சரி. ஆனா இவளுக்கு இன்னும் ஒன்னு குறையுது தங்கச்சி,” என்றார் சமையற்கார அக்கா, கையில் கரண்டியோடு, என் சுவரோவியத்தை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்துவிட்டு.

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. ஜொகூரின் சிம்பாங் ரெங்கத்தில் என் தோழியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அன்றுதான் திறப்பு. பதினொரு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். சுவரோரமாக ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டும் புது ரோலரும் மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தன. அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினால் போதும், என் பத்தடிப் பெண் ஒரு மணி நேரத்தில் வெறும் வெள்ளைச் சுவராகிவிடுவாள். அப்படித்தான் பேச்சு. என்ன குறைகிறது என்று கேட்கவேண்டும்.

கேட்பதற்கு முன்னால், இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் படம் வரையப் பள்ளிக்குப் போனவள் இல்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை. தூசி ஒன்றுகூட விழக்கூடாத அறை அது. தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாளில் துணி துவைத்தது போக மிச்ச நேரத்தில், கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டேன். முதலில் பூ, பிறகு மீன், அப்புறம் கற்பனை ஓவியம்.

கற்பனை ஓவியம் என்றால், நான் செய்ததைச் சொல்கிறேன். காட்டுக்குள் ஒரு பெண் இருப்பாள். அவள் கூந்தல் அப்படியே ஆறாக இறங்கி ஓடும். விரல் நுனியில் கிளை துளிர்க்கும். தலைக்குப் பின்னால் நிலா. அவள் பெருமூச்சு விட்டால் அது மூடுபனி. இந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. நமக்கு இது புதிதா? ஆற்றுக்குப் பெண் பெயர் வைப்பவர்கள் நாம். மண்ணைத் தாய் என்போம். மழைக்கு மாரி என்று பெயர் சொல்லி, அவளுக்கே கூழ் ஊற்றுவோம். வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் என் மலாய்த் தோழி மலைக்குள் ஓர் இளவரசி இருக்கிறாள் என்பாள். சீனத் தோழி, நிலாவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பாள். நான் என் பங்குக்கு ஏழு கன்னிமாரையும் குளக்கரையில் கொண்டுவந்து உட்கார வைப்பேன். மூன்று பேரும் சேர்ந்து கணக்குப் பார்த்தால், இந்த உலகத்தில் பெண் இல்லாத இடமே கிடையாது, மேலாளர் அறையைத் தவிர.

ஆனால் என்னிடம் ஒரு கள்ளம் இருந்தது. எனக்குக் கால் வரையத் தெரியாது.

வரையத் தெரிந்தவர்களைக் கேளுங்கள், கால் எவ்வளவு பொல்லாதது என்று சொல்வார்கள். முகம் கொஞ்சம் கோணினாலும் அழகு என்று சொல்லித் தப்பிக்கலாம். கால் கோணினால் ஆள் விழுந்துவிடுவாள். நான் பார்த்த காணொளிகளில் ஒருவர் இதற்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். கால் வரவில்லையா, புல்லை வளர்த்து மறை. இல்லையென்றால் பனி போடு. அதுவும் இல்லையென்றால் பாவாடையை நீட்டி வேராக்கிவிடு. இப்படியே எட்டு வருடத்தில் நாற்பதுக்கு மேல் தேவதைகளை வரைந்துவிட்டேன். ஒருத்திக்கும் கால் இல்லை. எல்லாரும் பார்த்து ‘ஆகா’ என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் சந்தேகம். தினமும் விடியுமுன் பைக்கில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். படம் பார்க்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம்.

“ஏன் உன் பொம்பளைங்க எல்லாரும் லாலான் புல்லுலயே நிக்கிறாங்க? பாம்பு கடிக்காதா?” என்றார் ஒரு ஞாயிறு.

லாலான் என்பது இங்கே காலி நிலத்தில் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும் புல். நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கைப்பேசிக் குறிப்பில் அதை எழுதி வைத்துக்கொண்டேன். எனக்கு அது ஒரு பழக்கம். யாராவது நறுக்கென்று ஏதாவது சொன்னால், அது என்னைத் திட்டியதாகவே இருந்தாலும், எழுதி வைத்துவிடுவேன். நல்ல வார்த்தை, யார் மேல் விழுந்தால் என்ன?

தோழியும் நானும் ஒரே வரிசையில் பன்னிரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர்கள். போன வருடம் அவள் வேலையை விட்டாள். சிம்பாங் ரெங்கம் சாலையோரத்தில் மூலைக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வந்தால் பார்வையில் படும் இடம். அன்னாசி ஏற்றிய வண்டியும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கும்.

“உள்ள நுழைஞ்சா காட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கணும்டி. நடுவுல உன் தேவதை ஒருத்தி. பெருசா. அந்தச் சுவரு முழுக்க,” என்றாள்.

பத்தடி உயரச் சுவர். நான் அதுவரை வரைந்த மிகப் பெரிய படம் ஒரு நாட்காட்டி அளவு. சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று, சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

நான்கு ஓய்வு நாள் எடுத்து வரைந்தேன். ஏணி மேல் ஏறி நின்று, கைவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரைந்தேன். நீண்ட வெள்ளை அங்கி, மெல்லிய இடுப்பு, விரித்த கூந்தல், அது இடது பக்கமாக ஆறாகி ஓடுகிறது. வாழையிலைக் கடை என்பதால் பக்கத்தில் ஒரு வாழை மரம். காதோரம் வெள்ளைக் கம்போஜாப் பூ. கீழே, வழக்கம்போல, புல். செவ்வாய்க்கிழமை காலையில் கடைசித் தூரிகையை எடுத்தபோது எனக்கு மார்பு நிறைந்திருந்தது. என்னுடைய முதல் சுவர்.

அன்று காலையில்தான் கடையில் புது அடுப்பில் பால் காய்ச்சினார்கள். சமையற்கார அக்காவும் அன்றுதான் முதன்முதலாகக் கடைக்குள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. முப்பது வருடம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர், பிறகு கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போனவர். அவருடைய மீன்தலைக் கறியை நம்பித்தான் தோழி கடையே திறக்கிறாள். பால் பொங்கியதும் தோழி மஞ்சள், குங்குமத் தட்டை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு வந்தாள். தட்டு அக்காவை நெருங்கும்போது, “உலைய பாக்கணும்” என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அடுப்பில் உலை எதுவும் வைத்திருக்கவில்லை. அவர் கணவர் இறந்து இருபது வருடமாகிறது என்றும், குழம்புக்குப் போடுவதற்குத் தவிர அவர் கை மஞ்சளைத் தொடாது என்றும் தோழி என் காதில் சொன்னாள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சாப்பாட்டை எடுத்து வைக்க ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக நேராகப் பார்த்தால் என் சுவர். அக்கா பார்த்தார்.

“யாரு இவ?”

நான் பெருமையோடு போய் நின்றேன். “காட்டுத் தேவதைக்கா. கூந்தல்தான் ஆறு, பாருங்க. கையில கிளை துளிர்க்குது. இயற்கையே ஒரு பெண்ணா வந்து நிக்கிறா.”

“நிக்கிறாளா?” அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். “எதுல நிக்கிறா? காலு எங்க?”

“புல்லுக்குள்ள இருக்குக்கா.”

“நீ பாத்தியா?”

வரைந்தவள் நான். நான் பார்க்கவில்லை. 

“நின்னா பொம்பளை, மிதந்தா பேயி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்,” என்றார் அக்கா.

எனக்கும் கொஞ்சம் சூடேறியது. “தோட்டத்துல ஏழு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமாருன்னு கும்பிட்டீங்களே. அந்தக் கல்லுக்குக் கால் கேட்டீங்களாக்கா?”

“கல்லு கல்லாவே நிக்குது தங்கச்சி. நான் பொம்பளைன்னு அது வேஷம் கட்டல. வேஷம் கட்டுனா முழுசா கட்டணும். இன்னொன்னும் பாரு, இவ சாப்ட்டு நாலு நாளாச்சு. கைய பாரேன், முருங்கைக்காயாட்டம். அடுப்புக்கு எதிர்ல பசிச்சவள நிக்க வெச்சா, எத்தன படி வடிச்சாலும் சோறு பத்தாது.”

அந்த நேரம் பார்த்தா ஒரு லாரிக்காரர் வரவேண்டும்! செம்பனை லாரி ஓட்டும் மலாய்க்காரர். கடை திறந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தவர் சுவரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

“அலமாக்! பொந்தியானாக்!”

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து ஒரு படமும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பிரசவத்தில் இறந்த பெண், வெள்ளை உடுத்தி, முடியை விரித்துப்போட்டு, வாழை மரத்தடியில் காத்திருப்பாள், கம்போஜாப் பூ வாசம் வந்தால் அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் பெயர்தான் பொந்தியானாக். ஜொகூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் ஐந்து வயதில் தெரியும். ஆனால் வெள்ளை அங்கியை ஒரு காணொளியிலும், விரித்த கூந்தலை இன்னொன்றிலும், பூவை வேறொன்றிலும் பொறுக்கியெடுத்து அழகு அழகு என்று சேர்த்துக்கொண்டே போனவள், கடைசியில் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. வாழை மரத்தை வேறு நானே நட்டுக் கொடுத்திருந்தேன். ஊருக்கே தெரிந்த பேயைப் பத்தடிக்கு வரைந்துவிட்டு, இயற்கை அன்னை என்று பெயர் வைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் யார் யாருடைய கைப்பேசிக்கெல்லாமோ போய், தோழியின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. அக்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

“இவ இங்க இருந்தா நான் அடுப்ப பத்த வைக்க மாட்டேன்மா.”

தோழி என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். “வெள்ளிக்கிழமை காலைல அக்கா பாக்கட்டும். சரின்னு சொன்னா இருக்கட்டும். இல்லன்னா வெள்ளையடிச்சிருவோம்டி. கோவிச்சுக்காத. மீன்தலைக் கறி இல்லாம எனக்குக் கடை இல்ல.” சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பெயிண்ட் வாளி வந்துவிட்டது.

அன்றே புல்லைக் கொஞ்சம் அழித்து, கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்து இரண்டு கால் போட்டேன். வழவழவென்று, பளிங்கு மாதிரி, விரல்கள் மல்லிகை மொட்டு மாதிரி. அக்கா கிளம்பும்போது நின்று பார்த்தார்.

“இது நடக்குற காலா, சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்குற காலா?” என்றார். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், கால் போடத் தெரியாதவ புல்லு மொளைக்க வெச்சாளாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பாதி எல்லாரும் சொல்வது. இரண்டாம் பாதி அக்கா அந்த இடத்திலேயே கட்டியது. அழுகை வந்துகொண்டிருந்தது. ஆனாலும் கைப்பேசியை எடுத்து எழுதிவைத்துவிட்டுத்தான் அழுதேன்.

மறுநாள் புதன்கிழமை வேலை. அன்று நடந்ததுதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. எங்கள் அறைக்குள் நூறு பேர் இருந்தாலும் எல்லாரும் ஒரே வெள்ளை. முகம் தெரியாது, முடி தெரியாது, உடம்பு தெரியாது. மேற்பார்வையாளர் என்னிடம் ஒரு பெண்ணைக் கூட்டி வரச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அறைக் கோடியில் ஒருத்தி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள். இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை. யோசிக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள்தான் திரும்பினாள்.

அப்படியே நின்றுவிட்டேன். பதினெட்டு வருடமாக நாங்கள் ஒருத்தியை ஒருத்தி காலை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறோம்! குதிகாலை அழுத்தி நடப்பவள் யார், பூனை மாதிரி வருபவள் யார், பிரசவத்துக்குப் பிறகு நடை மாறியவள் யார் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அழகான முகத்தைத் தேவதைக்குக் கொடுத்தேன், ஆறு போல முடியைக் கொடுத்தேன். ஆளை ஆள் என்று காட்டிக்கொடுக்கும் ஒன்றை மட்டும் புல்லில் புதைத்துவிட்டேன். அவள் யார் என்று தெரியாமல் ஜனங்கள் பயந்ததில் என்ன தப்பு?

வியாழனுக்கும் வெள்ளிக்கும் அவசர விடுப்புச் சொன்னேன். காலையில் கடைக்குப் போனபோது அக்கா சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மசாலா அரைக்கும் வேலைக்காக அன்று வந்திருந்தார், அடுப்பை இன்னும் தொடவில்லை. குளித்துவிட்டு வந்த ஈர முடி முதுகில் விரிந்து கிடந்தது. கால் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன.

“அக்கா, உங்க கால வரையலாமா?”

“என் காலா? அட போ தங்கச்சி! இந்தப் பித்தவெடிப்ப பாத்தா உன் தேவதை ஓடிப் போயிருவா.”

“நீங்கதான கால் கேட்டீங்க? குடுங்க.”

வெங்காயக் கத்தியோடு என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்தால் மறுக்கத் தெரியாதவர் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

பின்வாசல் சிமெண்டுத் தரையில் காலை நனைத்துக்கொண்டு நடந்து காட்டினார். நான் சுண்ணக்கட்டியோடு பின்னாலேயே குனிந்து போனேன். அகன்ற பாதம். பெருவிரல் தனியாக விலகி நிற்கிறது. ஐந்து விரலும் ஐந்து பக்கம் பார்க்கின்றன. குதிகால் முதலில் பதிகிறது, அழுத்தமாக, ‘நான் வந்துவிட்டேன்’ என்பதுபோல. நான் ஓரத்தை வரைந்து முடிப்பதற்குள் வெயில் ஈரத்தைக் குடித்துவிடும்.

“போச்சே, காஞ்சிருச்சே!”

“காஞ்சா காயட்டும், மறுபடி நடக்குறேன். காசா பணமா?”

எட்டுத் தடவை நடந்தார். பிறகு பக்கவாட்டில், முன்பக்கம், ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டி எனச் சொன்னபடியெல்லாம் நின்றார். செம்பனைக் காட்டில் முள் குத்திய தழும்பு ஒன்று, பாம்பு என்று நினைத்து ஓடி விழுந்ததில் கோணிப்போன சுண்டுவிரல் ஒன்று. “அது பாம்பு இல்ல, தண்ணி குழாயி. அன்னைக்கு என்னைப் பாத்துச் சிரிச்சவனத்தான் அப்புறம் கட்டிக்கிட்டேன்,” என்றார்.

நான் சுவருக்குப் போனேன். பளிங்குக் காலை அழித்தேன். ஒரு கால் முன்னால் ஊன்றி, பின்காலின் குதி சற்றே எழும்பி, வேலைக்குப் போகிறவள் எட்டு வைப்பதுபோல வரைந்தேன். தாம்பாளம் அளவுக்குப் பாதம். அக்கா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குதிகாலில் வெடிப்பு போடத் தொடங்கியதும் சத்தம் போட்டார்.

“ஏய், அத மறைச்சிரு! அசிங்கம்.”

“மறைக்க மாட்டேன்,” என்றேன். மூன்று நாளில் நான் அவருக்குச் சொன்ன முதல் மறுப்பு அது. வெடிப்பை வயல் வெடிப்பு மாதிரி பெரிதாக்கினேன். ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் ஒரு பச்சைப் புல்லை முளைக்க வைத்தேன். எட்டு வருடமாகக் காலை மறைத்த அதே புல், இப்போது காலிலிருந்து முளைத்தது. அக்கா கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டு பார்த்தார்.

கூந்தலுக்கு மட்டும் சண்டை நடந்தது.

“முடிய கொண்டை போட்டுரு,” என்றார். “தலைய முடிஞ்சவ சோறு போடுவா, விரிச்சவ சண்டை போடுவா. எங்க வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து கட்டில் மெதந்தப்ப தெரிஞ்சுது, முடியாத ஆறு என்ன பண்ணும்ன்னு.”

“கொண்டை போட்டா ஆறு எப்படிக்கா ஓடும்? ஓடலன்னா காடு எப்படி இருக்கும்?”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன். முதுகில் விரிந்து கிடந்த அந்த ஈர முடியின் நுனியில் ஒரு சின்ன முடிச்சு. தலைக்குக் குளித்த நம் பெண்கள் எல்லாரும் போடுவதுதான். முடி காயவும் வேண்டும், அவிழ்ந்து கிடக்கிறது என்று எதுவும் வந்து பிடித்துக்கொள்ளவும் கூடாது, அதற்காக நுனியில் ஒரு முடிச்சு. நானே ஆயிரம் முறை போட்டிருக்கிறேன். சுவரில் ஆறு அப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அதன் கடைக்கோடியில், தரையைத் தொடும் இடத்தில், நுனிமுடிச்சு ஒன்றைப் போட்டேன். முடிச்சிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு மண்பானையில் விழுகிறது. தோழி ஆயர் ஈத்தாமில் வாங்கிக் கடை வாசலில் வைத்திருந்த பானையைப் பார்த்தே அதை வரைந்தேன். ஓடுகிற ஆறுதான், ஆனால் அடங்கத் தெரிந்த ஆறு. அக்காவும் ஜெயித்தார், நானும் ஜெயித்தேன்.

வெள்ளை அங்கி மீதி இருந்தது. என்ன நிறம் என்று வாசலில் நின்று யோசித்தபோது, வளைவில் திரும்பிய லாரியிலிருந்து இரண்டு செம்பனைப் பழங்கள் உருண்டு வந்தன. ஒன்றை எடுத்து வண்ணத்தட்டில் வைத்துக்கொண்டேன். அடியில் ஆரஞ்சு, நடுவில் நெருப்பு, நுனியில் கறுப்பு. அதுதான் அவள் சேலை. பழம் பழமாக, நூற்றுக்கணக்கில், மாணிக்கம் பதித்தது மாதிரி. கம்போஜாவை எடுத்துவிட்டுக் கனகாம்பரம் வைத்தேன். கைகளைத் தடித்துப் போட்டேன், தண்ணீர்ப் பானை தூக்குகிற கை. வாழை மரம் அப்படியே இருந்தது. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் அதே லாரிக்காரர் வந்து நின்றார். பேயை இன்னொரு படம் எடுக்க வந்தாரோ என்னவோ. சுவரைப் பார்த்தார், கிட்டே போனார், குனிந்து காலைப் பார்த்தார்.

“ஏ, சுடா அடா காக்கி லா!” என்றார். கால் வந்துவிட்டதே என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்து, நாளை எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று மலாயில் கேட்டார். நான் ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பொந்தியானாக் இருக்கும் இடத்தில் யாராவது சாப்பாட்டு நேரம் விசாரிப்பார்களா?

அவர் போனபிறகு தனியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு நான் வரைந்த பெண்கள் எல்லாரும் இயற்கைக்கு விருந்தாளிகள். வியர்வை கிடையாது, பசி கிடையாது, எங்கேயும் போகவேண்டிய அவசியம் கிடையாது. காட்டில் இருந்தார்கள், ஆனால் காட்டில் ஒரு வேலையும் இல்லை. இவளுக்கு வேலை இருக்கிறது. எங்கிருந்தோ நடந்து வருகிறாள், எங்கேயோ போகிறாள், போகிற வழியில் நமக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அதற்காக அவளிடமிருந்து அதிசயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கை துளிர்க்கிறது, முடி ஆறாக ஓடுகிறது, பாதத்தில் புல் முளைக்கிறது. கால் தரையில் பட்டபிறகுதான் அந்த அதிசயம் எனக்கே நம்பும்படியாக இருந்தது.

ஆனால் தீர்ப்பு என்னுடையது இல்லை. லாரிக்காரருடையதும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் காலைக்குத் திரும்பி வருகிறேன். “இன்னும் ஒன்னு குறையுது தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அக்கா கரண்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தோழி என்னைப் பார்த்தாள். அவள் கை வெள்ளைப் பெயிண்ட் வாளியின் பிடிமேல் இருந்தது. மூக்குத்தியா? பொட்டா? பொட்டு இருக்கிறதே. என் கண் சுவரிலிருந்தவளின் உடம்பு முழுக்க ஓடித் தேடியது.

அக்கா சமையலறைக்குள் போனார். அம்மியில் எதையோ இழைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இடது உள்ளங்கையில் ஒரு கட்டி மஞ்சள், ஈரமாக, பளபளவென்று.

“அக்கா, பெயிண்ட் இன்னும்…” என்று நான் தொடங்கினேன். தோழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாளியின் பிடியை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

அக்கா சுவரருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது கையால் மஞ்சளைத் தொட்டு, நான் வரைந்த பாதத்தின் மேல் வைத்தார். பெருவிரல், அடுத்த விரல், கோணிய சுண்டுவிரல். பின்பு புறங்கால். பின்பு குதிகால், ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் விரல் விட்டு, புல் நோகாமல், அழுத்திப் பூசினார். பிள்ளைக்குப் பூசுவதுபோல அவசரமே இல்லாமல் பூசினார். ஒரு காலை முடித்துவிட்டு மறுகாலுக்குப் போனார்.

பூசி முடித்ததும் உள்ளங்கையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது. அதை அவர் கழுவ எழுந்து போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, சேலைக் கரையைக் கணுக்கால்வரை தூக்கி, அந்த மஞ்சளைத் தன் இரண்டு கால்களிலும் பூசிக்கொண்டார்.